பதிமூணு டிகிரி தெக்கால யாரும் இல்ல

1

மொதல்ல உண்மைய சொல்லிடறேன். இந்தக் கதைய நான் யோசிச்சுக் கண்டுபுடிக்கல. எங்க பிரபாகர் மாமா செகண்ட் ஹேண்ட்ல வாங்கியாந்த ஜி.பி.எஸ் செட்டுக்குள்ள இது ஏற்கெனவே இருந்துச்சு.

வீட்ல எல்லாரும் தூங்கறாங்க. போர்வைக்குள்ள போன வெச்சிக்கினு டைப் பண்றேன். நாளைக்கு விடிகாலைல எங்க நைனா கடலுக்குப் போறாரு. ஊரூர் குப்பத்துல இது ஒரு சேதியே இல்ல. ஆனா போன வாரம் போனவரு திரும்பி வராமயே போயிருப்பாரு, கொஞ்சத்துல தப்பிச்சாரு. அதுக்கப்புறம் நாளைக்குத் தான் மொத தடவ. எனக்குப் பயமா கீது. நைனா கைல சொன்னா சிரிப்பாரு. அம்மா கைல சொன்னா அவங்களும் தூங்க மாட்டாங்க. அதான் ஒன்னாண்ட சொல்றேன். நீ யாருன்னே எனக்குத் தெரியாது, அது ஒரு சௌகரியம்.

செட்டு விசயத்துக்கு வரேன். பழைய பட்டன் போன் சைசுல இருக்கும். மீன் நெறைய கெடைச்ச எடத்துல ஒரு பாயின்ட் போட்டு வெச்சா, அடுத்த தடவ அம்பு காட்டி அங்கயே கூட்டினு போவும். மாமா வாங்கினதுக்கு முன்னாடி அந்த செட்ட வெச்சிருந்தவரு ஏதோ கப்பல்ல வேலை செஞ்சவராம். அவரு போட்ட பாயின்ட் நாலஞ்சு உள்ள அப்படியே இருந்துச்சு. சும்மா நோண்டிக்கினு இருந்தப்போ பாத்தேன். எல்லாத்துலயும் மொதல்ல எஸ், அப்புறம் பதிமூணு.

எஸ்னா சவுத்து. பதிமூணு டிகிரி தெக்கு.

எங்க குப்பம் பதிமூணு டிகிரி வடக்கு. பெசன்ட் நகர் பீச்சுல உக்காந்து சோளம் துன்றியே, அந்த மணல் மேலயே அந்தக் கோடு போவுது. அப்போ பூமத்திய ரேகைய மடிப்பா வெச்சு ஒலகத்த ரெண்டா மடிச்சா, எங்க குப்பம் போயி எது மேல ஒட்டும்?

கதை இவ்ளோ தான். மீதி எல்லாம் தானா வந்து ஏறிக்கிச்சு.

2

மொத ஆரம்பம்:

"பதிமூணு டிகிரி தெக்கால, கடலோரத்துல ஒரு குப்பம். அதுல செண்பகம்னு ஒரு பொண்ணு*"

நிறுத்திட்டேன். மேப்புல பாத்தா அங்க கடலோரமே இல்ல. எங்க குப்பத்துலேருந்து நேரா தெக்கால எறங்கினா, இலங்கையத் தொட்டுக்கினு போவுது. அதுக்கப்புறம் தண்ணி. பூமத்திய ரேகை, தண்ணி. பதிமூணு தெக்கு, அங்கயும் தண்ணி. ஒரு பாறை கூட கெடையாது.

ரெண்டாவது ஆரம்பம்:

"எங்க குப்பத்துக்கும் செண்பகத்துக்கும் நடுவுல ஆயிரத்து ஐநூத்தி அறுபது கடல் மைல்."

கணக்கு சுலபம். வடக்கால பதிமூணு, தெக்கால பதிமூணு, ஆகமொத்தம் இருபத்தாறு டிகிரி. ஒரு டிகிரிக்கு அறுபது மைல். இந்த வரி நல்லா இல்ல, தெரியும். சாருலதா பாத்ததுமே அடிச்சிட்டா. ஆனா நீ ஞாபகம் வெச்சிக்கோ.

சாருலதா என் கிளாஸ், பத்தாவது. வீடு மயிலாப்பூர். எங்க ஸ்கூல் ஆண்டு மலருக்கு அவ தான் மாணவ ஆசிரியர், அதனால என் கதையில அவளுக்கு எல்லா உரிமையும் கீதுன்னு நெனைச்சிக்கினு கீறா. வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா:

"ஏண்டி சிந்து, கதை ஆரம்பத்துலயே கணக்கு போடறியே, யாருடி படிப்பா? எங்காத்துல அண்ணாகிட்ட காட்டினேன். டியூஷன் நோட்டான்னு கேக்கறான்."

மூணாவது ஆரம்பம்:

"செண்பகத்துக்கு நெலம் இல்ல."

இது சாருவுக்குப் புடிச்சிது. எனக்கும் புடிச்சிது. ஆனா அதுக்கு அடுத்த வரி வரல.

* பேர் பத்தி. சாரு கயல்னு வெக்கச் சொன்னா. "மீனவப் பொண்ணு, கயல்னா பொருத்தமா இருக்கும்டி." நான் சொன்னேன், எங்க குப்பத்துல யாரும் பொண்ணுக்கு மீன் பேரு வெக்க மாட்டாங்கடி, மீனு விக்கற சரக்கு. ஒங்காத்துல பொண்ணுக்கு தயிர்சாதம்னு பேரு வெப்பீங்களா? ரெண்டு நாள் என்கூட பேசல.

3

நெலம் இல்லன்னா நெலத்துக்குக் கூட்டினு போலாம்னு பாத்தேன். கோடு ஒண்ணு தானே, அது மேலயே கெழக்கு மேற்கா நவுத்தலாம். செண்பகம் பதிமூணு தெக்குல இருந்தா போதும், எந்த ஊருன்னு யார் கேக்கப் போறாங்க.

மொதல்ல மேற்கால நவுத்தினேன். மடகாஸ்கர் தலைய வெட்டிக்கினு அந்தக் கோடு போவுது. அப்புறம் ஆப்பிரிக்கா கரை. மொசாம்பிக்ல பெம்பான்னு ஒரு ஊரு, கிட்டத்தட்ட கோட்டு மேலயே. போட்டோல பாத்தா கட்டுமரம் மாரி சின்னச் சின்ன படகு, பாய் கட்டிக்கினு. மணல்ல பொம்பளைங்க மீன் கூறு கட்டி வெச்சிக்கினு. நம்ம பட்டினப்பாக்கம் தான், ஆளு தான் வேற. செண்பகத்த அங்க எறக்கினேன். எறக்கினதும் அவ இன்னா பாஷை பேசுவா, அம்மாவ எப்படிக் கூப்புடுவான்னு ஒண்ணுமே எனக்குத் தெரியல. வாயத் தொறக்காமயே நின்னுக்கினு இருந்தா. பாவமா இருந்துச்சு, ஏத்திக்கினேன்.

அப்புறம் மலாவி ஏரி. கடல் மாரி பெருசு, ஆனா உப்பில்ல. செண்பகம் ஒரு வாய் குடிச்சிட்டு முழிச்சா. ஜாம்பியா, அங்கோலா, அட்லாண்டிக். அந்தப் பக்கம் பிரேசில்ல சல்வடோர், கோடு கரையத் தொடற எடம். அங்க பெரிய பெரிய கட்டடம், பீச்சுல கூட்டம். இதுக்கு எங்க பெசன்ட் நகரே போதுமே.

பெரு நாட்ல கோடு மலை மேல ஏறுது. அங்க கொண்டுபோய் வெச்சா அவளுக்கு மூச்சு வாங்குது. கீழ எறக்கி பசிபிக்ல உட்டா சமோவா தீவுக்குக் கொஞ்சம் வடக்கால, தொடாமயே போவுது. அப்புறம் ஆஸ்திரேலியா மண்டை மேல ரெண்டு எடத்துல ஏறி எறங்கி, திரும்ப இந்தியப் பெருங்கடல். மறுபடியும் எங்க குப்பத்துக்கு நேர் கீழ, அதே தண்ணி.

ஒலகத்த ஒரு சுத்து சுத்தி வந்து அதே எடத்துல நின்னா. எங்கயும் ஒட்டல. அப்போ தான் எனக்குப் புரிஞ்சிது, அவளுக்கு எடம் அது தான். தண்ணி மேலயே இருக்கட்டும். கதை தானே, முழுகிட மாட்டா.

4

"எல்லாம் சரிடி," சாரு கேட்டா. "தண்ணி மேல நிக்கறா. எதுக்கு நிக்கறா? அவளுக்கு என்னதான் வேணுமாம்? ஒரு கதாபாத்திரம்னா ஏதாவது வேணும்னு இருக்கணும். சும்மா நின்னுண்டிருந்தா கொடிக்கம்பம்."

நான் யோசிக்கவே இல்ல. கை தானா டைப் பண்ணிச்சு: "அவ நைனா கடலுக்குப் போயிக்கீறாரு. அவரு வரணும்."

சாரு ஒரு தம்ஸ் அப் போட்டா. நான் அன்னிக்கே எழுதினேன்:

"செண்பகத்தோட நைனா விடிகாலைல போனாரு. வெயிலு ஏறி எறங்கியும்"

அந்த வரி அங்கயே நிக்குது. ஏன்னா அத்த எழுதி ரெண்டே நாள்ல எங்க நைனா போன் வந்துச்சு.

நான் எழுதினதால தான் அப்படி ஆச்சுன்னு இல்ல. சாருவும் சொல்றா, இல்லன்னு. பகல்ல எனக்கே நல்லாத் தெரியும். ராத்திரில தெரிய மாட்டேங்குது.

5

[இந்த எடத்துல செண்பகம் பாடற மாரி ஒரு பாட்டு எழுதி வெச்சிருந்தேன். எடுத்துட்டேன். நீ கேட்டிருந்தா எங்கூட நீயும் ரெண்டு நாள் பேசியிருக்க மாட்ட.]

6

இனிமே தள்ளிப் போட முடியாது. அந்த நாள எழுதறேன்.

தீபாவளிக்கு அடுத்த வாரம். வாடைக்காத்து அப்போ தான் திரும்பிக்கினு இருந்துச்சு. அம்மா பேரு தேசம்மா, மந்தைவெளில மீன் விக்கறாங்க. போன வீட்டுலயே மறந்து வெச்சிட்டுப் போயிட்டாங்க. நைனா டில்லிபாபுவும் கூட்டாளி புகழேந்தி அண்ணனும் இருட்டோட போனவங்க, பத்து மணிக்குள்ள கரைக்கு வந்துடணும். வரல. மத்தியானம் ஆச்சு.

அந்த வாரத்துல சூரியன் நேரா பதிமூணு தெக்கு மேல நிக்கும். நான் வாசல்ல நின்னுக்கினு என் நெழலப் பாத்தேன், வடக்கால சாஞ்சிருந்துச்சு. செண்பகத்துக்கு இப்போ நெழலே இருக்காதுன்னு நெனைச்சேன். பாரு, நைனா வரலன்னு நிக்கறப்போ கூட எனக்கு இந்தக் கதை புத்தி.

அம்மா போன் அடிச்சிது. எடுத்தேன்.

"அம்மா எங்க?"

"மீன் விக்கப் போயிக்கீது நைனா. நீ எங்க கீற?"

"இன்ஜின் படுத்துக்கிச்சு. எழுதிக்க. பதிமூணு, சைபர் சைபர். எம்பது, முப்பது. மாமா கைல சொல்லு. சார்ஜி..."

அவ்ளோ தான். நைனா போட்டுல இருக்கற செட்டு காட்டின நம்பரு அது. திரும்ப அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்.

கையிலயே பேனால எழுதிக்கினேன். பதிமூணு சைபர் சைபர், எம்பது முப்பது. மொதல்ல குறுக்குக் கோடு, அப்புறம் நெடுக்குக் கோடு, டிகிரியும் மினிட்டும். ஓடிப் போயி மாமா கைல காட்டினேன். மாமா கரையாண்ட வலை சிக்கெடுத்துக்கினு இருந்தாரு. செட்ட எடுத்தாரு, நம்பர அடிச்சாரு, போட்டத் தள்ளினாரு. சுப்புராயன் பெரியப்பா போட்டும் கூடவே போச்சு. அவரு கைல செட்டு கெடையாது, மாமா பின்னாடி தான் போவணும்.

எனக்கு மூச்சு வந்துச்சு. எடம் தெரிஞ்சிப் போச்சு, நம்பர் கீது, போயி கட்டி இழுத்தாந்துடுவாங்க.

நான் எழுத்தாளரா இருந்தா இங்கயே கதைய முடிச்சிருப்பேன்.

7

அலைய தாண்டினதும் மாமா போன் பண்ணாரு.

"ஏ பொண்ணு. இன்னா நம்பர் குடுத்த நீ?"

"நைனா சொன்னது மாமா."

"ஒழுங்கா கேட்டியா? எம்பது முப்பதா, எம்பத்தி மூணா?"

"எம்பது, முப்பது. கையில கீது மாமா, அழிக்கவே இல்ல."

"அப்போ ஒங்க நைனா பாஸ்போர்ட் எடுத்துனு தான் போயிருக்கணும். இவ்ளோ மைலு நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல."

பின்னாடி சுப்புராயன் பெரியப்பா கத்தறது கேட்டுச்சு. ரெண்டு போட்டும் ஒட்டி நின்னுக்கினு இருந்திருக்கு. "கொழந்த பயத்துல மாத்தி எழுதிக்கிச்சுப்பா. டில்லி நேத்து என்கிட்டயே சொன்னான், வடக்கால பழவேற்காடு பக்கம் போறேன்னு. நேரம் போவுது, காத்து ஏறுது. வடக்கால போலாம் வா."

"கோஸ்ட் கார்டு கைல நம்பர் சொல்லணும் பெரியப்பா," மாமா சொன்னாரு.

"இந்த நம்பரையா? சொல்லிப் பாரு, ஊரே சிரிக்கும்."

இங்க தான் நீ என்கூட கொஞ்ச நேரம் நிக்கணும். எங்க நைனா பேர்ல எனக்கு நம்பிக்கை கீது. என் காது மேல கீது. ஆனா அவ்ளோ பெரிய ஆளுங்க ரெண்டு பேரு தப்புன்னு சொல்றப்போ, கையில எழுதினது கூட நமக்கே வேற மாரி தெரிய ஆரம்பிச்சிடும். ஆமா பெரியப்பா, நான் தான் மாத்திக் கேட்டுட்டேன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா ரெண்டு போட்டும் வடக்கால போயிருக்கும். சொல்லல. ஏன் சொல்லலன்னா, நான் கேட்டது வேற ஒண்ணு.

"மாமா, எவ்ளோ மைலு காட்டுது?"

"இப்போ அதுவா முக்கியம்?"

"சொல்லு மாமா."

"ஆயிரத்து ஐநூத்தி அம்பத்தி மூணு."

ஒனக்கு ஞாபகம் கீதா? அடிச்ச வரி. டியூஷன் நோட்டு. ஆயிரத்து ஐநூத்தி அறுபது.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"தெக்கால. நேர் தெக்கால. இலங்கைக்கு அந்தாண்ட போயிக்கினே கீது."

அம்பு செண்பகத்தக் காட்டிக்கினு இருந்துச்சு. எங்க நைனாவத் தேடப் போன ரெண்டு போட்டும், நான் தண்ணி மேல நிக்க வெச்ச பொண்ணாண்ட வழி கேட்டுக்கினு நின்னுதுங்க.

"மாமா, நீ புது பாயின்ட் போட்டியா, பழசு மேல அடிச்சியா?"

"பழசு ஒண்ணுத்தத் தொறந்து நம்பர மாத்தினேன். புதுசு போட எனக்கு எங்கடி தெரியும்?"

"நம்பருக்கு முன்னாடி ஒரு எழுத்து கீதா பாரு."

"எழுத்தா?"

"பாரு மாமா."

தண்ணி அடிக்கற சத்தம். லுங்கில ஸ்கிரீனத் தொடைக்கிறாரு போல. "எஸ்ஸு."

"அது சவுத்து. அந்தக் கப்பல்காரரு போட்டது. நீ நம்பர மாத்தின, எழுத்த மாத்தல. அத்த நார்த்து பண்ணு."

அந்தாண்ட பட்டன் அமுக்கற சத்தம். அந்த நேரம் எவ்ளோன்னு எனக்குத் தெரியாது. சாருவா இருந்தா இங்க கடல வர்ணிச்சிருப்பா. நான் கண்ண மூடிக்கினு இருந்தேன்.

"பதினாலு மைலு," மாமா சொன்னாரு. குரலே வேற மாரி இருந்துச்சு. "நேர் கெழக்கு." அப்புறம் போன வாயாண்டேருந்து எடுக்காமயே கத்தினாரு, என் காதே போச்சு: "பெரியப்பா, பதினாலு மைலு. கெழக்கால. உடு, உடு."

 நான் போட்ட ஆயிரத்து ஐநூத்தி அறுபதுல செட்டு காட்டினது ஏழு மைலு ஏன் கொறையுதுன்னு நானும் யோசிச்சேன். பூமி சரியான உருண்டை இல்ல, நடுவுல கொஞ்சம் தொப்பை வெச்சிருக்கு, அதனால இந்தப் பக்கம் டிகிரிக்கு அறுபது மைலு முழுசா வராதாம், சோசியல் மிஸ் சொன்னாங்க. பூமியே கொஞ்சம் முன்ன பின்ன தான் கீது. என் கணக்க மட்டும் சொல்லாத.

8

இது எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், இல்லன்னா மாமாவத் தப்பா நெனைச்சிப்ப.

எங்க குப்பத்துல யாரும் எழுத்து சொல்ல மாட்டாங்க. எங்க நைனா, மாமா, அவங்க வயசு ஆளுங்க எல்லாருமே நம்பர் மட்டும் தான். பதிமூணுன்னா பதிமூணு. எங்களுக்குக் கடல் ஒரே பக்கம் தான் கீது, கெழக்கால. பதிமூணு தெக்குன்னு ஒண்ணு இருக்கலாம்னு யாருக்கும் தோணவே தோணாது. வீட்டு அட்ரஸ் சொல்றப்போ பூமின்னு சேத்தா சொல்ற? அந்த மாரி. நைனாவும் எழுத்து சொல்லல, மாமாவும் பாக்கல, எல்லாம் பழக்கம்.

அந்த எழுத்த உத்துப் பாத்து, ஒலகத்துல இன்னொரு பதிமூணு கீதுன்னு ஒரு மாசமா மண்டைய ஒடைச்சிக்கினு இருந்த ஒரே ஆளு நான் தான். அதுவும் ஒரு உருப்படாத கதைக்காக. இத்த நான் பெருமையா தான் சொல்றேன். இன்னிக்கு ஒரு நாள் சொல்லிக்கறேனே.

9

மாமா அந்த எடத்துக்குப் போயி சேந்தப்போ அங்க யாரும் இல்ல. அப்புறமா என்கிட்ட சொன்னாரு: "ஒன் நம்பரு சரியா தான் கீது. ஒங்க நைனா தான் எடத்துல இல்ல." வன்னித் தண்ணி ஓடிக்கினு இருந்துச்சு, வடக்கேருந்து தெக்கால இழுக்கற நீரோட்டத்த அப்படித் தான் சொல்வாங்க. அதுக்கெல்லாம் மாமாக்கு செட்டு வேணாம். தண்ணியப் பாத்தாரு, காத்தப் பாத்தாரு, அந்த நம்பர்லேருந்து இழுப்போடவே தெக்கால போனாரு. கொஞ்ச தூரத்துலயே போட்டு தெரிஞ்சிது. புகழேந்தி அண்ணன் சட்டையக் கழட்டி ஆட்டிக்கினு இருந்தாரு. நைனா இன்ஜின் மேல உக்காந்துக்கினு, "இன்னாடா இவ்ளோ நேரம்"னு கேட்டாராம். மாமா, "ஆஸ்திரேலியா பக்கம் தேடிட்டு வரோம்"னாராம்.

வெளிச்சம் இருக்கறப்பவே கரைக்கு வந்துட்டாங்க. மூணு போட்டு, நடுவுல நைனாது, கயிறு கட்டி. அலைய தாண்டறதுக்கு முன்னாடியே குப்பமே தண்ணில எறங்கி நின்னுச்சு. யாரோ மீந்து போன சரவெடிய எடுத்தாந்து மணல்ல கொளுத்திட்டாங்க. பீச்சுக்கு வந்தவங்க எல்லாம் திருவிழான்னு நெனைச்சிக்கினு போட்டோ புடிச்சாங்க. திருவிழா தான்.

அம்மா மந்தைவெளிலேருந்து அப்போ தான் ஆட்டோல வந்து எறங்கினாங்க. கூடைய மணல்ல வெச்சாங்க. நைனா எதுர்ல போயி நின்னு மேலயும் கீழயும் பாத்தாங்க.

"துன்னியா?"

"இல்ல."

"சாவறதுன்னா கூட துன்னுட்டுச் சாவணும்னு அறிவு கீதாயா ஒனக்கு?"

அப்புறம் தான் அழுதாங்க. நைனா அவங்க முந்தானையால அவங்க மூஞ்சியத் தொடைச்சிட்டு, அதே முந்தானைல தன் மூஞ்சியவும் தொடைச்சிக்கினாரு. மீன் வாடை, அவரு கண்டுக்கவே இல்ல.

சுப்புராயன் பெரியப்பா என்னாண்ட வந்தாரு. குப்பத்துல பெரிய மனுசன், யாரு கைலயும் தோத்தத ஒத்துக்க மாட்டாரு. என் கையப் புடிச்சி அந்தப் பேனா எழுத்தப் பாத்தாரு. "இன்னாது, அழிஞ்சிகினு கீது. இன்னொரு தடவ எழுது," ன்னாரு. எழுதினேன். "எழுத்தும் போடு." போட்டேன். அவரு கையையும் நீட்டினாரு. "எனக்கும் போடு."

அவ்ளோ தான். நான் செயிச்சிட்டேன். இத விட பெருசா எனக்கு வர்ணிக்கத் தெரியாது.

அன்னிலேருந்து குப்பத்துல எல்லாரும் எழுத்தோட தான் பேசறாங்க. மொதல்ல நெசமாவே கடல் நம்பருக்கு. அப்புறம் எல்லாத்துக்கும். டீக்கடைல, "ரெண்டு டீ, நார்த்து." பஸ் ஏறினா, "தி.நகர் ஒண்ணு, நார்த்து." கண்டக்டர் தான் முழிக்கறாரு. எங்க அம்மா மந்தைவெளில, "கிலோ நானூறு நார்த்து, கொறைக்க மாட்டேன்." என்னப் பாத்தா மட்டும் பசங்க, "டேய் சவுத்து வருதுடா" ங்கறானுங்க. பரவால்ல.

10

கதைய முடிக்கணும். சாருவுக்கு நாளைக்கு அனுப்பணும்.

"இதையே எழுதுடி," சாரு சொல்றா. "ஒங்கப்பா கதைதான் கதை. அந்தத் தண்ணி மேல நிக்கற பொண்ணத் தூக்கிப் போட்டுடு."

முடியல. அம்பு ஒரு தடவ அவளக் காட்டிடுச்சு இல்ல. நான் எங்க நைனாவக் கூட்டினு வந்துட்டேன், அவ நைனா இன்னும் பாதி வரியில கீறாரு. "வெயிலு ஏறி எறங்கியும்"ல நிக்கறாரு.

ஒரு முடிவு எழுதிப் பாத்தேன்: அவ நைனா வந்துட்டாரு. சாரு நல்லா கீதுன்னா. எனக்கு நம்பிக்கை வரல. யாரு தேடினாங்க? அங்க தான் மாமா இல்ல, பெரியப்பா இல்ல, கரையே இல்ல.

இன்னொரு முடிவு: செண்பகம் கையிலயும் ஒரு செட்டு. அதுல எல்லா பாயின்டும் வடக்கு பதிமூணு. அவ எங்க குப்பத்தப் பத்தி ஒரு கதை எழுதறா. மூணு வரி நல்லா போச்சு. அப்புறம் ரெண்டு கண்ணாடிய எதிரெதிரா வெச்ச மாரி தலை சுத்துச்சு, உட்டுட்டேன்.

மூணாவது முடிவ நான் எழுதல. எழுதவும் மாட்டேன். ஆனா நீ கேப்ப, அதனால சொல்றேன். கண்ணாடின்னா எல்லாம் எதிர்ப்பக்கம் தானே. எங்களுக்குக் குளிருன்னா அவளுக்கு வெயிலு. என் நெழலு வடக்கால சாஞ்சா அவளுக்கு நெழலே இல்ல. அப்போ எங்க நைனா திரும்பி வந்தாருன்னா

[இந்த வரி இப்படியே இருக்கட்டும்.]

சாரு கைல கேட்டேன், அப்படித் தான் ஆவுமாடின்னு. அப்புறம் வாய்ஸ் வந்துச்சு: "லூசு. கண்ணாடின்னு நீதானேடி சொன்ன, பூமியா சொல்லித்து? அது வெறும் கோடுடி. பெம்பாவுல இன்னிக்கு எத்தனை அப்பா ஆத்துக்கு வந்திருப்பா, போய்த் தூங்கு."

அத்தக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. பயம் முழுசா போவல, ஆனா கொஞ்சம் நவுந்து எடம் குடுத்துச்சு.

11

நைனா எழுந்துட்டாரு. நான் போர்வைக்குள்ளேருந்தே எட்டிப் பாக்கறேன். இட்லிப் பொட்டலத்த எடுத்துக்கறாரு. அம்மா படுத்துக்கினே, "போன் சார்ஜி ஃபுல்லா கீதா?" ங்கறாங்க. தூங்கறாங்கன்னு நான் தான் நெனைச்சிக்கினு இருந்தேன்.

"ஃபுல்லு."

"ஃபுல்லு இன்னா?"

"ஃபுல்லு, நார்த்து."

கதவாண்ட நின்னு என் பக்கம் திரும்பினாரு. போர்வைக்குள்ள வெளிச்சம் தெரிஞ்சிருக்கும் போல. "இன்னும் அந்தக் கதையா?"

"முடிவு வரல நைனா."

"வர்றப்போ வரும். நான் பத்து மணிக்கு வந்துடுவேன், அதுக்குள்ள முடிச்சி வை. படிச்சிக் காட்டு."

போயிட்டாரு. இப்போ மணல்ல போட்டத் தள்ற சத்தம் கேக்குது. இன்ஜின் ஒரே இழுப்புல புடிச்சிக்கிச்சு. புது இன்ஜின் இல்ல, பழசு தான், மாமாவும் அவருமா உக்காந்து ரிப்பேர் பண்ணது. நல்லா தான் ஓடுது. தூரமா போவப் போவ சத்தம் சின்னதாவுது. பயம் இன்னும் போவல, ஆனா உள்ள எங்கயோ சரவெடி சத்தமும் கேட்டுக்கினே கீது. ரெண்டும் ஒண்ணா இருக்கலாம் போல.

முடிவ ஒன்னாண்டயே குடுத்துடறேன். எங்க நைனா எனக்குக் குடுத்த மாரியே, அவ்ளோ தான் குடுப்பேன். செண்பகத்தோட நைனாவுக்கு இன்ஜின் படுத்துக்கிச்சு. சார்ஜி முடியப் போவுது. எழுதிக்க.

பதிமூணு, சைபர் சைபர். எம்பது, முப்பது.

எழுத்து நான் சொல்லல. தெக்குன்னு போட்டன்னா நீ ரொம்ப தூரம் போவணும், அங்க கரை கெடையாது, செண்பகத்தத் தவிர ஆளும் கெடையாது, ஆனா அவ ஒன்னப் பாத்ததும் கைய ஆட்டுவா. வடக்குன்னு போட்டன்னா பதினாலு மைலு தான், வழியில எங்க நைனா இருப்பாரு, கேட்டா காட்டுவாரு. எத்த வேணா போடு. போடாம மட்டும் உட்டுடாத.